மலை மண்ணில் அடங்கியோர்: பெயரும் தேதியும் போதுமா?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டு, ஜமாஅத்தார் அனைவரின் ஒப்புதலையும் பெற்றுள்ள நிலையில், சிறிது நேரம் பேசுமாறு நிர்வாகத்தினர் நம்மைப் பணித்துள்ளனர். வரவு செலவைப் பைசா வரை நாம் எழுதி வைக்கின்றோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இங்கே நாம் எடுத்துக்கொள்வது எழுதப்படாமல் கிடக்கும் வேறொரு கணக்கை. கூடலூர், பந்தலூர் மலைகளில் வாழ்ந்து, உழைத்து, இம்மண்ணிலேயே அடங்கிவிட்ட நம்மவர்களின் வாழ்க்கையைப் பற்றியது அது.

நம் ஊரில் ஒருவர் மௌத்தானால் என்ன நடக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மோதினார் அறிவிப்பார்: இன்னார் மகன் இன்னார் மௌத்தாகிவிட்டார்கள், ஜனாஸா இன்ன தொழுகைக்குப் பின். இப்பொழுது அதே வாசகம் வாட்ஸ்அப்பிலும் வந்துவிடுகின்றது. ஊரார் கூடுவர். சந்தூக்கைத் தோள் மாற்றித் தோள் மாற்றி ஏற்றம் ஏறுவர். ஆனி, ஆடி மாதங்களில் கபர் வெட்ட வெட்ட நீர் ஊறும். இருவர் மண்ணை அள்ளினால் இருவர் நீரை இறைக்க வேண்டும். பொழுது சாய்ந்துவிட்டால் வழியில் யானை நிற்கும் என்பதால் அடக்கத்தை விரைந்து முடிக்க வேண்டும். சமவெளியில் உள்ளோர் நான்கு பேரைக் கொண்டு முடிக்கும் காரியத்திற்கு இங்கே நாற்பது பேர் வேண்டும். அந்த நாற்பது பேரும் கூப்பிடாமலே வந்து நிற்கின்றனர். இவ்விஷயத்தில் நம் மலை மக்களுக்கு எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை.

அடக்கம் முடிந்தபின் என்ன எஞ்சுகின்றது? ஜமாஅத்தின் மௌத்துப் பதிவேட்டில் ஒரு வரி: பெயர், தந்தை பெயர், தேதி, கபர் இருக்கும் இடம். அரசின் இறப்புச் சான்றிதழ் ஒன்று. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் தகவல் தந்து பெற வேண்டிய அச்சான்றிதழிலும் பெயரும் தேதியும் இடமும் பெற்றோர் பெயரும் முகவரியுமே உள்ளன. வாரிசுச் சான்றுக்கும் வங்கிக் கணக்குக்கும் இவை போதும். அந்த மனிதர் யார் என்று நாளை அவருடைய பேரப்பிள்ளை கேட்டால், இவற்றிலிருந்து பதில் சொல்ல இயலாது.

மார்க்க அறிஞர்கள் அமர்ந்திருக்கும் சபையில் ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுவதற்காக மன்னிக்க வேண்டும். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. மதீனாப் பள்ளிவாசலைப் பெருக்கிச் சுத்தம் செய்துவந்த கறுப்பு நிறத்தவர் ஒருவர் இறந்துபோனார். ஆண் என்றும் பெண் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. பெண் என்பாரே மிகுதி, உம்மு மிஹ்ஜன் என்று பெயர் சொல்லும் அறிவிப்பும் உண்டு. அவரை அடக்கம் செய்த தோழர்கள் அதைப் பெரிய செய்தியாகக் கருதவில்லை. ஆளைக் காணாத நபி (ஸல்) அவர்கள்தாம் எங்கே என்று கேட்டார்கள். இறந்துவிட்ட செய்தியைக் கூறியபோது, ஏன் நமக்கு அறிவிக்கவில்லை என்று வினவி, கபரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுதார்கள். இதிலிருந்து சட்டம் எடுப்பவர்கள் ஜனாஸாத் தொழுகையைப் பற்றிச் சட்டம் எடுப்பார்கள்; அது அவர்கள் துறை. நம் உள்ளத்தில் தைப்பது, ஒரு மனிதர் இல்லாமற்போனதைக் கவனித்துக் கேட்ட அந்தக் கேள்வி.

அவ்வழி வந்த சமுதாயம் இறந்தோரைப் பற்றி எழுதுவதைப் பெரும் கலையாகவே வளர்த்தது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், கி.பி. 845இல் மறைந்த இப்னு ஸஅத் (ரஹ்) அவர்கள் ‘தபகாத்’ என்னும் நூலில் ஸஹாபாக்கள், தாபியீன்களின் வாழ்க்கைகளைத் தலைமுறை தலைமுறையாக வகுத்து எழுதினார். அதன் இறுதிப் பாகம் முழுதும் பெண்களுக்குரியது. டமாஸ்கஸ் நகரின் காழியாக இருந்த இப்னு கல்லிகான் (ரஹ்) அவர்கள் 1256இல் கெய்ரோவில் தொடங்கி 1274இல் முடித்த நூலின் பெயரே ‘வஃபயாத்துல் அஃயான்’, பிரமுகர்களின் மறைவுகள் என்பது பொருள். எண்ணூறுக்கும் மேற்பட்டோரின் வரலாறு அதில் அடங்கும். இறந்த ஆண்டு உறுதியாகத் தெரிந்தவர்களை மட்டுமே சேர்ப்பது என்று அவர் தமக்கொரு விதி வகுத்துக்கொண்டார். 1497இல் மறைந்த ஸகாவீ (ரஹ்) அவர்கள் ‘அள்ளவ்உல் லாமிஃ’ என்னும் பன்னிரண்டு பாக நூலின் இறுதிப் பாகத்தில் தம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பதிவு செய்தார்.

ஆயினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். ஆலிம்கள், அமீர்கள், கவிஞர்கள், வணிகர்கள் ஆகியோர் அந்நூல்களில் உள்ளனர். பள்ளிவாசலைப் பெருக்கியவரைத் தேடினால் அரிதாகவே கிடைப்பார். பாக்தாதிலும் டமாஸ்கஸிலும் எழுதுவோர் நிறைய இருந்தனர், மலைக்கிராமங்களில் இல்லை. நம் மலைகளின் கதையும் அதுவே.

நீலகிரியில் யாருடைய மறைவு முதலில் எழுதப்பட்டது என்று பாருங்கள். ஊட்டி நகரை உண்டாக்கிய கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலய வளாகத்தில் அடங்கியுள்ளனர். அக்கல்லறையை இன்றும் காணலாம். துரைமார்கள், அவர்களுடைய மனைவிமார்கள், தவழும் வயதில் காய்ச்சலில் இறந்த அவர்களின் குழந்தைகள் என ஒவ்வொருவருக்கும் எழுத்து வெட்டிய கல் உண்டு. 1905இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்னும் அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களையெல்லாம் தொகுத்து, அடங்கியிருப்போரைப் பற்றிய குறிப்புகளுடன் நூலாக்கினார். அரசே அதை அச்சிட்டது. இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. தம்மவரை மறவாதிருப்பது நற்பண்பே. அத்தேவாலயத்திற்கான பெரும் மரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பர். அவற்றைச் சாலை சரியாக அமையாத அக்காலத்தில் மலைமேல் ஏற்றிய கூலியாட்களில் ஒருவர் பெயரையேனும் நாம் எந்த நூலிலும் கண்டதில்லை.

நம் வட்டத்திற்கே வருவோம். காப்பித் தோட்டம் போட வந்தவர்களும், 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் தங்கம் தோண்ட லண்டனில் கம்பெனி தொடங்கி வந்தவர்களும் மைசூரிலிருந்தும் மலபாரிலிருந்தும் தமிழ்ச் சமவெளியிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்தனர். தங்கம் சில ஆண்டுகளிலேயே ஏமாற்றிவிட்டது. மலைக்காய்ச்சல் ஏமாற்றவில்லை. மலேரியாவால் இவ்வட்டத்துத் தோட்டங்களில் மாண்டவர்கள் எங்கே புதைக்கப்பட்டனர் என்பதைத் தேயிலைச் செடிகளுக்குக் கீழே தேட வேண்டியதுதான். நடுவட்டத்தில் கொயினா மருந்துக்காக சின்கோனா மரம் வளர்க்க, மலாக்கா ஜலசந்திப் பகுதியிலிருந்து அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் அமர்த்தப்பட்டனர். விடுதலை பெற்றபின் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கினர். மானிடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் அவர்களைக் கண்டு எழுதியுள்ளார். ஆனால் அவர் குறித்துக்கொண்டது பெரும்பாலும் அவர்களின் தோற்றத்தையும் உடல் அளவுகளையும். சீனத்திலிருந்து நீலகிரி வரை வந்த ஒரு மனிதன் என்ன கதை வைத்திருந்திருப்பான்! கேட்டு எழுத ஒருவரும் இல்லை.

எழுத்து இல்லாத பூர்வகுடிகள் இவ்விஷயத்தில் நம்மைவிடக் கருத்தாக இருந்தனர் என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கும். தோடர்கள் இறுதிச் சடங்கில் இறந்தவரைப் பற்றிப் புதிதாகப் பாட்டுக் கட்டுவர். அவருடைய மந்து, அவருடைய எருமைகள், அவர் செய்த செயல்கள் அப்பாட்டில் வரும். 1930களில் இம்மலையில் தங்கித் தோடர் மொழியைக் கற்ற எமனோ என்னும் அறிஞர் அப்பாடல்களைத் தொகுத்து 1971இல் பெருநூலாக வெளியிட்டார். இருளர், குறும்பர் ஆகியோர் இறந்தவர் ஒருவருக்கு ஒரு கல் என்று ஆற்றில் உருண்டு வழுவழுப்பான கல்லைத் தேர்ந்து, பழைய கல்திட்டைகளில் வைத்து வந்ததை 1873இல் வெளியான பிரீக்ஸ் என்னும் கமிஷனரின் நூல் கூறுகின்றது. நம் மார்க்க வழிமுறை வேறு. சடங்கை நாம் பேசவில்லை. இறந்த ஒவ்வொருவரும் தனித்தனியே நினைக்கப்பட வேண்டியவர் என்று கருதிய அந்த அக்கறையைப் பேசுகின்றோம்.

தமிழருக்கும் இது புதிதன்று. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் கிடைத்தன. மிகப் பழையவை. ஒன்றில், கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் உயிர்விட்ட ஒருவனின் பெயர் உள்ளது. உடனே நம் கூடலூர் என்று எவரும் மகிழ்ந்துவிட வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்குக் கூடலூராக இருக்கலாம் என்பர். ஊர், நிகழ்ச்சி, பெயர் என்று நான்கைந்து சொற்கள்தாம். நம் மௌத்துப் பதிவேட்டைவிட அதில் ஒரு செய்தி கூடுதலாக இருப்பதைக் கவனியுங்கள்: அவன் என்ன செய்தான் என்பது.

நாம் ‘நம்மவர்’ என்று சொல்லும்போது அது ஒரே இடத்திலிருந்து வந்த கூட்டமன்று. தந்தையை அத்தா என்போரும் வாப்பா என்போரும் உப்பா என்போரும் இதே ஸஃப்பில் நிற்கின்றோம். கோவை, பழனிப் பக்கமிருந்து வியாபாரத்திற்கு மலையேறிய இராவுத்தர் குடும்பங்கள், நாடுகாணி வழியே ஏறி வந்த மலபார்க் குடும்பங்கள், இலங்கையிலிருந்து திரும்பியவர்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய பல்லாயிரவரில் ஒரு பகுதியினர் நம் வட்டத்துக்கு வந்தனர். அவர்களுக்கு வேலை தரவே 1968இல் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டு, பின்னர் 1976இல் அது ‘டான்டீ’ கழகமாயிற்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, பின் இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். அவர்களில் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் தம் தாயார் அடங்கிய இடத்தை ஒரு காகிதத்தில் வரைந்து வைத்திருந்தார். லயம், ஓடை, பலாமரம், அதற்கு மேற்கே கபர். அக்காகிதம் அவர் மகளிடம் இன்றும் உள்ளது. அத்தாயாரின் பெயர் காகிதத்தில் இல்லை. மகனுக்கு அது எழுதி வைக்க வேண்டிய செய்தியாகத் தோன்றவில்லை. அம்மாவை அம்மா என்றுதானே அழைத்திருப்பார்! மகளுக்கும் தெரியவில்லை.

பெண்களைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியுள்ளது. நம் பதிவேட்டில் பெண்கள் எவ்வாறு உள்ளனர்? இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார், சில பக்கங்களில் ‘இன்னார் வீட்டம்மா’. பெயர் சொல்வது மரியாதைக் குறைவு என்று முன்னோர் எண்ணியிருக்கலாம். ஆனால் இப்னு ஸஅதும் ஸகாவீயும் பெண்களின் பெயரைச் சொல்லித்தான் எழுதினர். மரியாதைக்கு ஒரு குறையும் வரவில்லை. நம் மஹல்லாவில் மையத்துக் குளிப்பாட்டுவதையே தம் கடமையாகக் கொண்டிருந்த தாய் ஒருவர் இருந்தார். எந்நேரம் அழைத்தாலும் வருவார். மழையில், இரவில், அம்மை கண்ட வீட்டுக்கும் வருவார். கஃபன் துணியை அளந்து கிழிக்கும்போது அவர் கை தவறியதில்லை என்பர். குளிப்பாட்டிய வீட்டில் தேநீர் கூட அருந்தாமல் திரும்பிவிடுவார். இவ்வூரின் ஏறத்தாழ ஒரு தலைமுறைப் பெண்கள் அவர் கையால்தான் இறுதியாகத் தூய்மை பெற்றனர். அவர் மௌத்தானபோது அறிவிப்பில் அவர் கணவரின் பெயர் வந்தது, மகன்களின் பெயர் வந்தது. அவருடைய பெயர் வரவில்லை. இன்று கூடியிருக்கும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று நாம் கேட்கப் போவதில்லை. திரைக்கு அப்பால் இருக்கும் மூத்த தாய்மார்களுக்குத் தெரியும். அவர்களிடமிருந்து இவ்வாண்டே கேட்டு எழுதியாக வேண்டும்.

இன்னொரு வகை இழப்பும் உண்டு. சாவே வாழ்க்கையை மறைத்துவிடும் இழப்பு அது. நம் வட்டத்தில் யானை தாக்கி இறப்போர் ஆண்டுதோறும் இருக்கின்றனர். பத்திரிகையில் இரண்டு அங்குலச் செய்தி வரும்: யானை தாக்கித் தொழிலாளி பலி, உறவினர் சாலை மறியல், நிவாரணத் தொகை வழங்கப்பட்டது. அதன்பின் அம்மனிதர் என்றென்றும் ‘யானை அடித்தவர்’ ஆகிவிடுகின்றார். அவ்வாறு நாம் இழந்த ஒருவர், கோடையில் குழாய் வற்றும்போது இம்மலைச்சரிவில் எந்தப் பாறைக்குக் கீழே ஊற்றுக்கண் வற்றாது என்பதை அறிந்திருந்தவர். பள்ளிவாசலின் பழைய ஹவுளுக்கு நீர் வந்தது அவர் காட்டிய ஊற்றிலிருந்துதான். அவர் வாழ்ந்தது ஐம்பதாண்டுக்கு மேல்; யானைமுன் நின்றது சில நொடிகள். நம் நினைவில் நிற்பது அச்சில நொடிகள்தாம் என்றால் அது நியாயமாகாது.

அண்மைக்காலத்தில் நம் எல்லைக்கு அப்பால் நடந்தவற்றை எண்ணிப் பாருங்கள். 2019 ஆகஸ்ட் 8ஆம் நாள் நிலம்பூர்ப் பக்கம் கவளப்பாறையில் மலை சரிந்து 59 பேர் மாண்டனர். சிலரது உடல் கிடைக்கவே இல்லை. மருத்துவமனை தொலைவில் இருந்தமையால் போத்துகல்லு ஜமாஅத்தார் தம் ஜும்ஆப் பள்ளியின் ஒரு பகுதியையே உடற்கூறாய்வு செய்யத் திறந்து கொடுத்தனர். எல்லா மதத்தவரின் உடல்களும் அங்கே கொண்டுவரப்பட்டன. அதே நாளில் வயநாட்டுப் புத்துமலையும் சரிந்தது. பின்னர் 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலை. முந்நூறு உயிர்களுக்குச் சற்றேறக் குறைய இழந்தோம். ஆறு உடல்களைச் சாலியாற்றில் அடித்து வந்து மீண்டும் நிலம்பூர்ப் பக்கமே ஒதுக்கியது. அவ்வூர்களில் நம் உறவினர்கள், சம்பந்திகள், ஒன்றாக இலை பறித்தவர்கள் இருந்தனர் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை.

அடையாளம் காண முடியாத உடல்களையும் உடற்பகுதிகளையும், ஐந்தாண்டுக்கு முன் தானே சரிந்த அந்தப் புத்துமலையிலேயே தோட்ட நிலம் ஒன்றில் வரிசையாக அடக்கம் செய்தனர். எல்லாச் சமயத்தாரும் நின்று பிரார்த்தித்தனர். ஒவ்வொரு குழியின் தலைமாட்டிலும் கல், கல்லில் எண். உறவினரிடம் இரத்தம் எடுத்து மரபணுச் சோதனை செய்து, முடிவு வர வர, எண்ணுக்குரியவர் யாரென்று தெரிந்தது. எண் மட்டுமே இருந்த கற்களில் பெயர் ஏறியது. விஞ்ஞானம் செய்த பேருதவி அது. எனினும் அதனால் ஆவது பெயர் வரைதான். அந்தப் பெயருக்குரியவர் எப்படிச் சிரிப்பார், யாருக்குக் கடன் கொடுத்தார், எந்த வீட்டுக் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப் போவார் என்பதை அண்டை வீட்டார்தாம் சொல்ல முடியும். முண்டக்கையிலோ பல இடங்களில் அண்டை வீட்டாரும் சேர்ந்தே போய்விட்டனர். வீடும் ரேஷன் அட்டையும் போட்டோவும் போயின. தெருவோடு போனவர்களை யார் நினைவுகூர்வது? வேறூரில் வாக்கப்பட்டுப் போன மகள்களும், வெளிநாட்டில் வேலையிலிருந்த மகன்களும் எஞ்சினர். அவர்கள் அறிந்தவை எல்லாம் பாதிக் கதைகள். 2009 நவம்பரில் குன்னூர், ஊட்டிப் பக்கம் மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. நம் சரிவுகளும் அதே மண்தான். ஊரின் நினைவை ஊரிலுள்ளோரின் மூளையில் மட்டும் வைத்திருப்பது நமக்குப் பாதுகாப்பன்று.

நினைவினால் உலகியல் பயனும் உண்டு. அதைச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை. நிலம்பூர்க் கோவிலகத்தின் ஜென்ம நிலங்களை ஒழித்து 1969இல் சட்டம் வந்தது. அதற்குப் பின்னும் நம் வட்டத்தில் பட்டா இல்லாத குடும்பங்கள் எத்தனை என்பதை நீங்கள் அறிவீர்கள். நாடு முழுதும் காட்டு வழக்கு என்று பேசப்படும் கோதவர்மன் திருமுல்பாட் வழக்கே 1995இல் கூடலூர்க் காடுகளைக் குறித்துத் தொடங்கியதுதான். எவர் எந்த ஆண்டு எங்கே குடிசை போட்டார், எந்தச் சதுப்பைத் திருத்தி நெல் நட்டார் என்பதெல்லாம் பெரியவர்கள் வாய்மொழியாகச் சொல்லிவந்தவை. ஒரு பெரியவர் மௌத்தாகும்போது ஒரு சாட்சி மௌத்தாகின்றார். அவர் சொன்னதை அவர் இருக்கும்போதே தேதியிட்டு எழுதி, இருவர் கையொப்பமும் பெற்றிருந்தால் அது நீதிமன்றத்தில் எவ்வளவு நிற்கும் என்பதை வழக்கறிஞர்தாம் கூற வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு அது நிற்கும்.

எப்படி எழுதுவது? இதில் நமக்குச் சில கருத்துகள் உண்டு. புகழுரை வேண்டாம். ‘அன்னார் ஈகைக்கு இலக்கணமாய், பண்பின் சிகரமாய்’ என்று தொடங்கும் வாசகங்களை எவர் பெயருக்கும் ஒட்டலாம்; ஆகவே அவை எவரையும் குறிப்பதில்லை. ஒப்பாரியும் மிகைப் புகழ்ச்சியும் மார்க்கத்தில் விரும்பத்தக்கவை அல்ல என்பதை ஹஜ்ரத் அவர்கள் பலமுறை கூறியுள்ளார்கள். இறந்தவரின் குறைகளைக் கிளறுவதும் தடுக்கப்பட்டதே. அவ்விரண்டுக்கும் நடுவே நிறைய இடம் இருக்கின்றது. நபி (ஸல்) அவர்கள் முன்னிலையில் இரு ஜனாஸாக்கள் கடந்து சென்றபோது மக்கள் ஒருவரைப் பற்றி நல்லதும் மற்றவரைப் பற்றித் தீயதும் பேசியதையும், பூமியில் மக்களே சாட்சிகள் என்னும் பொருள்பட அவர்கள் கூறியதையும் அனஸ் (ரலி) அறிவிக்கின்றார்கள். சாட்சி என்பவர் கண்டதைச் சொல்பவர். ஆகவே கண்டதை எழுதுங்கள்.

எந்த ஊரிலிருந்து, எந்த வழியாக, யாருடன் மலையேறினார் என்று தொடங்கலாம். மேட்டுப்பாளையத்தில் இரயில் ஏறியவரும் உண்டு. முதுமலைக் காட்டு வழியே மாட்டு வண்டியில் வந்தவரும் உண்டு. முதலில் வாங்கிய கூலி எவ்வளவு, எந்த மேஸ்திரியிடம் வேலை செய்தார், கவாத்து வெட்டுவதில் கை தேர்ந்தவரா, எந்தக் காயத்திற்கு எந்தப் பச்சிலை என்று அறிந்தவரா, பள்ளிவாசல் கட்டியபோது கல் சுமந்தாரா, அவர் மனைவி பிடியரிசி சேர்த்தாரா என்பவை எல்லாம் செய்திதான். கோபக்காரர் என்றால் கோபக்காரர் என்று அன்போடு எழுதலாம். அவரை அறிந்தவர்கள் சிரித்துக்கொள்வர், எவருக்கும் வருத்தம் வராது. கடன், பங்காளிச் சண்டை, தலாக் ஆகியவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். அவற்றுக்கு வேறு பதிவேடுகள் இருக்கின்றன!

இறந்தபின் எழுதுவதைவிட இருக்கும்போதே கேட்பது மேல் என்பது நம் எண்ணம். எழுபது வயதைக் கடந்தோர் ஒவ்வொருவரிடமும் மதரஸாவின் மூத்த மாணவ மாணவியர் சென்று அமர்ந்து கேட்கட்டும். கைப்பேசியில் குரலையும் பதிவு செய்துகொள்ளலாம். மலபாரிலிருந்து வந்த பாட்டி மலையாளம் கலந்துதான் பேசுவார். அப்படியே இருக்கட்டும், திருத்த வேண்டாம். பெண்களிடம் பெண்களே சென்று கேட்பது நல்லது. சிலர் ‘நம்மிடம் சொல்ல என்ன இருக்கின்றது’ என்று தட்டிக்கழிப்பர். அப்போது, முதன்முதலில் இங்கே வந்த நாளில் மழை பெய்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

நிர்வாகத்தினரிடம் இதைப் பற்றி முன்பே பேசி இசைவு பெற்றுள்ளோம். வாழ்க்கைக் குறிப்பேடு ஒன்று அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. மௌத்தானவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கம். பெண்களின் பக்கத்தில் முதல் வரி அவர்களுடைய சொந்தப் பெயர்; கணவர் பெயர் அடுத்த வரியில். ஆடி மாதத்தில் நம் ஊரில் காகிதம் பூஞ்சை பிடிக்கும் என்பதால் ஏடு தகரப் பெட்டியில் இருக்கும். ஒரு நகல் குடும்பத்தாரிடமும், ஒரு நகல் மலைக்குக் கீழே நம் உறவின்முறை ஜமாஅத் ஒன்றிலும் இருக்க ஏற்பாடு செய்யப்படுகின்றது. மலை சரிந்தாலும் அந்த நகல் இருக்கும்.

இவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்தவர்களின் பெயர்கள் இவ்வறிக்கையின் இறுதிப் பக்கங்களில் அச்சிடப்பட்டுள்ளன. ஒவ்வொரு பெயருக்குக் கீழும் அரைப்பக்கம் வெறுமையாக விடப்பட்டிருப்பதைக் கண்டு அச்சகத்தாரின் தவறு என்று எண்ண வேண்டாம். குடும்பத்தாரும் அண்டை வீட்டாரும் அதில் எழுதி, ஷவ்வால் மாத முடிவுக்குள் அஸருக்குப் பின் அலுவலகத்தில் தந்தால் குறிப்பேட்டில் ஏற்றப்படும். எழுதத் தெரியாதோர் வந்து சொன்னால் போதும். எழுதிக்கொள்ள ஆள் இருப்பார்.

வஸ்ஸலாம்.